வலம் வராத படகு

1

பூங்கா அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். எடுத்தவள் என் மனைவி பேச்சியம்மாள். "உங்கள் வெசல் பற்றிச் சில விவரங்கள் வேண்டும்" என்று அங்கிருந்து பேசிய பெண் கேட்டிருக்கிறாள். பேச்சி அசரவில்லை. எல்லாம் எவர்சில்வர்தான், ரெண்டு மட்டும் பித்தளை, ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று பதில் சொல்லியிருக்கிறாள். நீளம் எவ்வளவு என்று அடுத்த கேள்வி. நீளத்தை எதற்குக் கேட்கிறாய், எத்தனை பேருக்குச் சோறு வடிக்கலாம் என்று கேள் என்றிருக்கிறாள் இவள்.

சாயங்காலம் நான் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

"பின்ன என்ன, வெசல்னா பாத்திரம்தான. படகுன்னு நேரா கேக்க வேண்டியதுதான அவிய" என்றாள். அவளுக்கு ஊர் எப்போதும்வென்றான். அந்த ஊர்க்காரியைப் பேச்சில் ஜெயித்தவர் யாரும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

நம் ஊரில் இங்கிலீஷ் படித்த எந்த வீட்டிலும் வெசல் என்றால் அடுப்படிச் சாமான்தான். இந்த அமெரிக்க வடமேற்கு மூலையிலோ, தண்ணீரில் மிதப்பதெல்லாம் வெசல். நான் விண்ணப்பித்திருந்தது, பொம்மைப் படகு ஒன்றைப் பூங்காக் குளத்தில் இன்ஜின் போட்டு ஓட்டுவதற்கு. அதற்கென்று தனி விண்ணப்பம் கிடையாதாம். எனவே பெரிய படகுக்கான தாளையே நிரப்பச் சொன்னார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று ஓரிடத்தில் கேட்டிருந்தது. யாரும் ஏற முடியாது என்று எழுதினேன். அப்படியானால் இது படகே இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக் கோவில்பட்டி தாலுகா ஆபீசுக்கு அலைந்தவன் நான். இதற்கெல்லாம் கலங்குவேனா. மறுபடி எழுதிப்போட்டேன்.

படகு என்னுடையது அல்ல. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

2

எங்களுக்கு அடுத்த வீடு டயானுடையது. எழுபதைத் தாண்டியவர். நாங்கள் குடிவந்த நாளில் ஆப்பிள் பணியாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துவந்து வாசலில் நின்றவர். அவர் கணவர் ரே போன குளிர்காலத்தில் இறந்துபோனார். நல்ல மனிதர், ஆனால் முசுடு. எங்கள் மா இலைத் தோரணத்தைப் பார்த்து, வாசலில் ஏன் குப்பையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய் என்று கேட்டவர். அடுத்த வருஷம் அவரே ஏணி கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.

வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு போய்விட முடிவுசெய்த டயான், சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய ஒரு படகு கிடைத்தது. கை நீளம் இருக்கும். முன்பக்கம் இரண்டு புறமும் மிதவைகள், பின்னால் ஒடுங்கிய உடம்பு. வேகம் எடுத்தால் இந்த வகைப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாது, மேலே தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போகும். இதற்கு ஹைட்ரோபிளேன் என்று பெயர். ஆள் உட்கார்ந்து ஓட்டும் பெரிய ஹைட்ரோபிளேன்கள் இங்கே ஏரியில் கோடைதோறும் பந்தயம் ஓடும். ரே, ரிமோட்டில் ஓடும் சின்னப் படகுகளைக் கட்டிப் பந்தயத்துக்குப் போனவர்.

டயான் அந்தப் படகை எங்கள் கராஜில் கொண்டுவந்து வைத்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"மார்க் சின்னப் பையனாக இருந்தபோது அவனும் ரேயும் சேர்ந்து ஒரு படகு கட்டினார்கள்" என்றார். மார்க் அவருடைய ஒரே மகன், நாற்பதைத் தாண்டியவன். "பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. மார்க் வீட்டை விட்டுப் போன அன்று ரே கத்தினார், உன் படகைச் சரிசெய்து விற்றுவிட்டேன் என்று. மார்க் அப்பாவின் அடக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனான். இது அந்தப் படகா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுதான் என்றால், அப்பா அதை விற்கவில்லை என்று அவனிடம் சொல்வேன். இல்லையென்றால் ஒன்றும் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி என் மகனை வரவழைக்க எனக்கு விருப்பமில்லை."

ஏன் என்னிடம் கேட்கிறார் என்று பார்க்கிறீர்களா. நான் விமான உதிரிபாகக் கிட்டங்கியில் வந்திறங்கும் சாமான்களைச் சரிபார்க்கிறவன். விமானம் தெரிந்தவனுக்குப் படகு தெரியாதா என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிறைந்தால் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிற ஊரில் பிறந்தவன். நீச்சல் தெரியாது. எங்கள் அப்பாவின் தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும். குச்சி அடைக்கும் அடிப்பெட்டியை அதில் மிதக்கவிட்டு அடி வாங்கியதுதான் என் கப்பல் அனுபவம் மொத்தமும்.

இருந்தாலும் சரி என்றேன். அந்த அம்மாள் நின்ற நிலையைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

3

மேலே வெள்ளைப் பெயின்ட், எண் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உள்ளே மஞ்சள் இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னால், ரேயின் படகுகள் எல்லாமே மஞ்சள்தான் என்றார் டயான். பழைய படகுப் பிரியர்கள் கூடும் இணையக் குழுவில் படம் போட்டேன். ஒருவர் கடையில் வாங்கிய வரைபடத்தின்படி கட்டியது என்றார். இன்னொருவர், இல்லவே இல்லை, வீட்டில் சொந்தமாக வரைந்து கட்டியது என்றார். மூன்றாமவர், என்ன விலை என்றார். பிறகு முதலிருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள், என் படகை மறந்துவிட்டார்கள்.

இன்ஜின் உள்ளங்கையில் அடங்கும். அசைத்துப் பார்த்தேன், இரும்பாக இறுகிக் கிடந்தது. மூடியைக் கழற்றி முகர்ந்தேன். சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். விளக்கெண்ணெய்.

கரிசல்காட்டில் பருத்திக்கு வரப்போரமாக ஆமணக்கு நிற்கும். பள்ளிக்கூடம் லீவு விட்ட முதல் சனிக்கிழமை விடியலில் அம்மா டம்ளரோடு நிற்பாள். நானும் அக்காவும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்போம், அன்று முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. அந்த எண்ணெய்தான் இந்த இன்ஜின்களுக்கு உயிர். எரிசாராயத்தோடு கலந்து ஊற்றுவார்களாம். ஓட்டாமல் வைத்தால் உள்ளே காய்ந்து பிசினாகிவிடும். சூடு காட்டினால் இளகும் என்று படித்தேன். பேச்சியின் தலை உலர்த்தும் மெஷினை எடுத்துக் காட்டினேன்.

"கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போக ஒரு நல்ல சட்டை இல்ல, இரும்புக்குத் தலை காய வைக்குதீங்க" என்றாள். ஆனால் நின்று பார்த்தாள். அரைமணி நேரத்தில் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றியது. அவளே, "ம், சுத்துதுல்ல" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

நடந்ததையெல்லாம் வீடியோ பிடித்துக் கழுகுமலையில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் பேசுவதைக் கேட்க இந்த வீட்டில் ஆள் குறைவு. மகள் நிவேதா வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதுவும் ரெண்டு வார்த்தை. புரிகிறதா இல்லையா என்றே எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கேட்டால் பேச்சு வளரும் என்று கேட்காமல் விட்டிருந்தேன்.

அக்கா மட்டும் உடனுக்குடன் பதில் போடுவாள். "ஏலே, தண்ணியக் கண்டா ஓடுத பய நீ. ஒனக்குப் படகு கேக்குதோ" என்று குரல் பதிவு அனுப்பினாள்.

4

வளைவில் படகு கவிழாமலிருக்க, பக்க மிதவையில் கத்திபோல ஒரு தகடு கீழ்நோக்கி இருக்க வேண்டும். அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கத்து மிதவையில் தகடு. நம் படகில் தகட்டைக் காணோம். இடது மிதவையில் மட்டும் நாலு ஓட்டைகள், அவையும் மக்குப் பசை வைத்து அடைக்கப்பட்டிருந்தன. வலது மிதவை வழுவழுவென்றிருந்தது.

படித்துப் பார்த்தேன். இங்கே ரிமோட் படகுப் பந்தயங்கள் எல்லாம் கடிகாரம் சுற்றுகிற திசையில், வலப்பக்கமாகத்தான். எனக்கு ஒரே சந்தோஷம். வெள்ளைக்காரனும் வலம்தான் வருகிறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கழுகுமலையைச் சுற்றி நடந்த காலுக்கு இதில் சந்தேகம் வருமா. வலப்பக்கமாகச் சுற்றுவதுதான் சுற்றுவது, மற்றதெல்லாம் தப்பு. இடது பக்கத்து ஓட்டைகள் எவனோ விவரம் கெட்டவன் செய்த வேலை, பிறகு தெரிந்து அடைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

பேச்சியிடம் கேட்டேன். "இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு. இடமா யாராவது சுத்துவாகளா" என்றாள்.

புதுத் தகடு வாங்கி, வலது மிதவையில் நாலு ஓட்டை போட்டுப் பூட்டினேன்.

பூங்காவிலிருந்து அனுமதியும் வந்தது, கார்த்திகை முடியும் மட்டும் சனி, ஞாயிறு காலைகளில் ஓட்டிக்கொள்ளலாம் என்று. படகின் பெயர் என்ற இடத்தில், அது எப்படி நேர்ந்ததோ, பேச்சியம்மாள் என்று அடித்திருந்தார்கள்.

5

டயானையும் அழைத்துக்கொண்டு குளத்துக்குப் போனோம். ஊரில் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம். படகுக்குச் சக்கரம் இல்லை. பேச்சி சற்று யோசித்துப் பழத்தை என் காலடியில் வைத்து மிதிக்கச் சொன்னாள்.

இன்ஜின் பற்றிக்கொண்டது. படகு கிளம்பிய வேகத்தில் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நேராகப் போகும்வரை அப்படி ஒரு அழகு, வாலில் தண்ணீர் விசிறியாக நின்றது. டயான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். வலப்பக்கம் திருப்பினேன். படகு ஒரு துள்ளுத் துள்ளி, மல்லாக்கக் கவிழ்ந்து, அடங்கிவிட்டது.

இறங்கி எடுக்க எனக்கு நீச்சல் தெரியாது. காற்று அடித்துக் கரைக்குத் தள்ளும்வரை, அது போகும் பக்கமெல்லாம் நாங்கள் மூவரும் கரையோடு நடந்தோம். நடந்துகொண்டே டயான் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

"மார்க்கின் படகும் வலது பக்கம் திரும்பவே திரும்பாது. ஏரியில் ஓடும் பெரிய படகுகள் இடது பக்கம்தான் திரும்பும். அப்படித்தான் வேண்டும் என்று அவன் அழுதான். ரே அவனுக்காக இடது பக்கம் திரும்புகிற மாதிரியே கட்டிக் கொடுத்தார், அடியிலிருந்து எல்லாமே. பந்தயத்தில் சேர்க்க மாட்டேன் என்றார்கள். அதன் பிறகு ரே அதை மாற்றலாம் மாற்றலாம் என்பார், இவன் கூடாது என்பான். என் சமையலறையில் எத்தனை வருஷம் இந்தச் சண்டை." நின்று என் கையைப் பிடித்தார். "இதுதான். இது அந்தப் படகுதான்."

அங்கேயே போனை எடுத்து மார்க்கைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். அப்பா படகை விற்கவில்லை என்றார். மார்க் கேட்டான்: "வலப்பக்கம் திரும்புகிற மாதிரி சரிசெய்துவிட்டேன் என்றாரே. வலது பக்கம் ஓட்டை இருக்கிறதா?"

டயான் கரையில் ஒதுங்கியிருந்த படகைத் திருப்பிப் பார்த்தார். "இருக்கிறது, நாலு."

"அப்படியென்றால் சொன்னதைச் செய்திருக்கிறார்" என்று போனை வைத்துவிட்டான்.

அந்த நாலும் நான் போட்டவை. சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டயான் திரும்பக் கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஓட்டைகள் என் வேலை என்று நானும் பேசிப் பதிவுசெய்து அனுப்பினேன். அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. அம்மா என்னையும் அப்பாவையும் சேர்த்துவைக்க எதையும் சொல்வாள், அண்டைவீட்டாரையும் சொல்ல வைப்பாள். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போன மனிதர் மேல் நாலு ஓட்டையில் பழி விழுந்துவிட்டது.

6

நவம்பர் கடைசியில் இங்கே எல்லோரும் வீடு திரும்பும் ஒரு விடுமுறை உண்டு. வீட்டை ஒழிக்க உதவுவதற்காக மார்க் வந்திருந்தான். நிவேதாவும் எங்களிடம் வந்திருந்தாள். சனிக்கிழமை காலையில் டயான் அவனை எங்கள் கராஜுக்குக் கூட்டிவந்தார். அவன் கையைப் பைக்குள் விட்டபடி வலது மிதவையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் என் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். இந்த ஓட்டை என்னுடையது, எங்கள் ஊரில் மலையை இப்படித்தான் சுற்றுவோம் என்று ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். அவன் மரியாதையாகத் தலையசைத்தான். நம்பவில்லை.

அப்போதுதான் வீடியோ நினைவு வந்தது. என் போனில் இடம் இல்லையென்று அழித்திருந்தேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏலே, எல்லாம் கெடக்கு. நீ பேசுதத நான் ஏன் அழிக்கேன்" என்றாள். அடுத்த நிமிஷம் அனுப்பிவிட்டாள்.

படம் மோசம். கராஜ் இருட்டு, என் விரல் பாதியை மறைத்திருந்தது. மிதவையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று அதில் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டான் மார்க். நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா முன்னால் வந்து போனை வாங்கிக்கொண்டாள். ஓடவிட்டு, நிறுத்தி, அவனுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

"ஏக்கா, இங்கன பாரு, இடது பக்கம் நாலு ஓட்டைய அடைச்சு வச்சிருக்கான்" என்றது என் குரல். சொன்னாள்.

"எவனோ சரியான விளக்கெண்ணெய், தகட்ட மாத்தி மாட்டியிருக்கான்." எனக்கு உடம்பு கூசியது. விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினேன். அவள் விடவில்லை. இது வசவு, நேராகச் சொன்னால் ஆமணக்கு எண்ணெய், அப்பா அப்படித்தான் திட்டுவார் என்று விளக்கியே சொன்னாள்.

"வலது பக்கம் பாரு. சுத்தமா இருக்கு, ஒரு ஓட்டை கெடையாது. நான் இப்பம் இங்கனதான் போடப்போறேன்." அதையும் சொன்னாள், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. இங்கன என்ற சொல்லுக்கு மிதவையின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். நான் வாய் பிளந்து நின்றேன். இத்தனை வருஷமாக இந்தப் பெண் நான் பேசிய அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மார்க் மறுபடி ஓடவிடச் சொன்னான். முகம் மாறியிருந்தது.

"அந்த ஆமணக்கு எண்ணெய் என் அப்பா" என்றான். "நான் கேட்டேன் என்று செய்தார்."

பிறகு படகைத் திருப்பி இடது பக்கத்து மக்கைக் கட்டைவிரலால் தடவினான். கோபத்தில் இதை அடைத்திருக்கிறார், அந்தப் பக்கம் துளைபோட மட்டும் மனசு வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னான். டயான் அழுதார். பேச்சியும் அழுதாள், அவளுக்கு அழுவதற்குக் காரணம் முழுசாகத் தெரிய வேண்டியதில்லை.

மக்கைத் தோண்டியதும் தகட்டை இடம் மாற்றியதும் மார்க்தான். நான் திருப்புளி எடுத்துக் கொடுத்தேன். குளத்துக்கு எல்லோரும் போனோம். ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னால் நின்றோம்.

படகு இடது பக்கம் திரும்பியது. கவிழவில்லை, துள்ளவில்லை. மறுபடி நேராகப் போய் மறுபடி இடது பக்கம் திரும்பியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தான்.

"சுடுகாட்டுல மகன் அப்பன இப்படித்தான சுத்துவான், இடமா" என்றாள் பேச்சி, என் காதில் மட்டும். எனக்கு ரோமம் சிலிர்த்தது. எப்படி எனக்கு இது தோன்றாமல் போனது. இதை அவனிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு எட்டு எடுத்து வைத்தேன்.

நிவேதா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இப்ப போகாதீங்க. அவர் அழுதுட்டு இருக்கார். கொஞ்சம் தனியா விடுங்க."

மார்க்குக்குப் புரியக் கூடாதென்றுதான் தமிழில் சொன்னாள். நான் போகவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.